சிவந்த நிறக் குழந்தைக்கு வெயில் காப்பு: நிழலா, துணியா, குடையா, சன்ஸ்கிரீனா?

சேலத்தில் பங்குனி முடியும் தறுவாயில், கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. விடுமுறைக்கு ஏற்காடு போக வேண்டும், குலதெய்வக் கோயிலில் முடி இறக்க வேண்டும், தடுப்பூசிக்கு வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். குழந்தையோ நல்ல சிவந்த நிறம், சிறிது நேர வெயிலுக்கே கன்னமும் காதுமடலும் கன்றிப்போகின்றன. தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்கிறார் அம்மாயி. மருந்துக் கடையில் கேட்டால் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பைக் குறிக்கும் எண்) 50 என்று அச்சிட்ட சன்ஸ்கிரீன் குழாய் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். கதிர் தடுக்கும் ஆடை, கூரை வைத்த தள்ளுவண்டி, சிறு கறுப்புக் கண்ணாடி என்று இணையக் கடைகளில் வேறு ஒரு வரிசை காத்திருக்கிறது. இவற்றில் எதை வாங்குவது, எதை விடுவது என்று தடுமாறும் பெற்றோருக்காகவே இந்த ஒப்பீடு.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை கறுத்துவிடக் கூடாது என்ற கவலைக்கு இதில் விடை கிடையாது. அந்தக் கவலைக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்பதே என் கருத்து. சிவந்த நிறக் குழந்தைக்குக் கூடுதல் கவனம் ஏன் தேவை என்றால், தோல் கன்றாமல் காக்கும் மெலனின் என்னும் நிறமி அதன் தோலில் குறைவு. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிவைத்து, பின்னர் ஆறு வகைகளாக விரிந்த பகுப்பில், நம் பகுதி மக்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் அடங்குவர். நம்மில் சிவந்த நிறத்தவர் மூன்றாம் வகையை ஒட்டி இருப்பார்கள். மாநிறக் குழந்தைக்கும் பாதுகாப்பு வேண்டும். சிவந்த குழந்தைக்கு, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதுதான் வேறுபாடு.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வயது. ஆறு மாதம் நிறைந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மற்ற எல்லா விடைகளும் மாறும். இரண்டாவது, அந்தப் பொருள் உண்மையில் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்பது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் வேறு, பயன்படுத்தும்போது கிடைக்கும் பலன் வேறு. மூன்றாவது உடல் சூடு. கைக்குழந்தைக்கு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் முழுமையாக வளர்ந்திருக்காது. எனவே கதிரைத் தடுக்கிறேன் என்று குழந்தையைப் பொதிந்து வைத்தால் ஓர் ஆபத்துக்குப் பதில் இன்னோர் ஆபத்தைத்தான் வாங்குவோம். நான்காவது, வாய்க்கும் கண்ணுக்கும் தோல் வழியே உடலுக்குள்ளும் என்ன போகிறது என்பது. பிறந்த குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களைப் போல இரு மடங்குக்கும் மேல். தடவுவது எதுவானாலும் அதன் விகிதம் அங்கே கூடும். ஐந்தாவதாக, குழந்தை அதைப் பிடுங்கி எறியுமா, நக்குமா, அதனோடு தூங்குமா என்று பார்க்க வேண்டும். காசுக் கணக்கைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இங்கே விலை அதிகமான பொருள் மேலான பொருளாக இருப்பது அரிது என்பதே.

## கீழே ஒரு வெயில், மேலே ஒரு வெயில்

தோலைக் கன்றச் செய்வது சூடு அன்று, புற ஊதாக் கதிர். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் ஏற்காட்டில் குழந்தைகளின் முகம் சிவந்துபோவதற்குக் காரணம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவில் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. ஆகவே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேரும்போது வெப்பநிலை எட்டுப் பத்து டிகிரி குறைந்திருக்கும்; தோலைக் கன்றச் செய்யும் கதிரோ சற்றுக் கூடியிருக்கும். கீழே, வெயில் தாங்காமல் நாமே நிழலுக்கு ஓடுகிறோம். மேலே, குளிர் காற்று வீசுவதால் குழந்தையை ஏரிக்கரையில் வெயிலில் உட்கார வைத்து 'இதமாக இருக்கிறது' என்கிறோம். மெல்லிய மேகம் வழியாக எண்பது சதவீதம் வரை கதிர் வந்துவிடும் என்பதால், வானம் மூடியிருக்கும் நாளும் விதிவிலக்கு ஆகாது.

கதிரின் வலிமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை, 11-ஐ எட்டினால் மிகக் கடுமை என்பது உலக வழக்கு. ஏப்ரல், மே மாதங்களில் தெளிந்த வானில் தமிழ்நாட்டின் நண்பகல் 11-ஐத் தாண்டுவது இயல்பு. குறியீடு 12 இருக்கும்போது, எளிதில் கன்றும் தோலை உடைய பெரியவர் ஒருவருக்குத் தோல் சிவக்கத் தொடங்கக் கால் மணி நேரம் போதும். குழந்தைக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. பயண நாளின் குறியீட்டைக் கைபேசியில் உள்ள வானிலைச் செயலிகளே காட்டுகின்றன. வெப்பநிலையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இதையும் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

சேலத்தின் அட்சரேகையில் சூரியன் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், நேர் உச்சிக்கு வருகிறது. மாரியம்மன் கோயில்களின் ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் மேகமும் காற்றும் இருப்பதால் யாரும் வெயிலைக் கவனிப்பதில்லை. சூரியனின் உயரத்தை வைத்துப் பார்த்தால் அது சித்திரைக்குச் சற்றும் இளைத்த வெயில் அன்று.

## நிழலும் நேரமும்

காசு செலவில்லாததும் எந்த வயதுக்கும் பொருந்துவதும் இதுதான். ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ அறுபது சதவீதம் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில்தான் வந்து சேருகிறது. நம் ஊரில் உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டிக் கால் மணி அளவில் வருவதால், மாலையை நான்கு மணிக்கு முன் தொடங்காமல் இருப்பதே பாதுகாப்பு. நேரத்தை நினைவில் வைக்க முடியாதவர்கள் தங்கள் நிழலைப் பார்த்துக்கொள்ளலாம்: நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கும் வரை குழந்தை உள்ளே இருக்கட்டும்.

நிழலிலும் தரம் உண்டு. வீட்டுக் கூரையும் அடர்ந்த மாமரமும் தரும் நிழல் வேறு. காப்பித் தோட்டங்களில் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் கிழிந்த நிழல் வேறு. தரையில் வெளிச்சப் பொட்டுகள் ஆடிக்கொண்டிருந்தால் அது குழந்தைக்குப் போதுமான நிழல் அன்று. வேப்ப மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்க வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மறைந்திருக்கும் சிக்கல், தூளி நகராது, நிழல் நகரும் என்பதுதான். குழந்தை கண்ணயர்ந்த நேரத்தில் பொருத்தமாக இருந்த கிளை, ஒரு மணி நேரம் கழித்து அதன் காலைக் காக்காது.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படுவது வைட்டமின் டி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளவெயிலில் காட்டும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது; அந்த இதமும் அப்போதைய கொஞ்சலும் நல்லவைதாம். ஆனால் வைட்டமின் டி-யை உருவாக்கும் புற ஊதா பி கதிர் அதிகாலை வெயிலில் மிகக் குறைவு. அது போதுமான அளவில் கிடைக்கும் நேரமோ தோல் கன்றும் நேரம். இதனால்தான் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்தை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை வெயிலில் காட்டித் தீர்ப்பது அதைவிடவும் பிழையான வழி. மருத்துவமனையில் வைக்கும் நீல ஒளி, அளவும் அலைநீளமும் கணக்கிட்டுத் தரும் சிகிச்சை. வாசலில் விழும் வெயில் அதற்கு ஈடாகாது.

நிழல் மட்டும் எப்போது போதும் என்றால், வீட்டோடு இருக்கும் நாட்களில் போதும். வெளியூர்ப் பயணம் நம் விருப்பப்படி நேரம் ஒதுக்கித் தருவதில்லை.

## துணியும் தொப்பியும்

இந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் தருவது துணிக்குத்தான். அது கண்ணில் எரியாது, வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டியதில்லை, பிறந்த நாள் முதல் பயன்படும். ஆனால் எல்லாத் துணியும் ஒரே மாதிரித் தடுப்பதில்லை.

துணியின் தடுப்புத் திறனை யு.பி.எஃப். என்ற எண்ணால் சொல்கிறார்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே வரும், அதாவது இரண்டு சதவீதம். சாதாரண வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு இந்த எண் 5 முதல் 7 வரை; நனைந்தால் இன்னும் குறையும். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த ஜப்லா பச்சிளங்குழந்தையின் தோலுக்கு மிக இதமானது, வீட்டுக்குள் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் பல ஆண்டு துவைத்து நைந்த அந்தத் துணி வெயிலில் பாதுகாப்பு ஆகாது. நெசவின் நெருக்கம்தான் முதன்மையானது. அதன் பிறகே நிறமும் கனமும். அடர்நிறத் துணி வெளிர்நிறத் துணியைவிடக் கூடுதலாகத் தடுக்கிறது. புதுப் பருத்தித் துணி முதல் சில சலவைகளில் சுருங்கி இழைகள் நெருங்குவதால் அதன் திறன் சற்றுக் கூடவும் செய்யும். தறி ஓசை கேட்டு வளர்ந்த இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு நெருக்கமான நெசவு எது, இடைவெளி விட்ட நெசவு எது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் துணியைக் குழல் விளக்கின் முன் விரித்துப் பார்க்கலாம்: விளக்கு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே நுழையும்.

கடையில் யு.பி.எஃப். 50+ என்று விற்கும் ஆடைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான் பின்னல்கள். எண் உண்மையாகவே இருந்தாலும், சேலத்துச் சித்திரையில் உடலை ஒட்டிய செயற்கை இழைக்குள் ஒரு குழந்தையை வைத்தால் வேர்க்குரு உறுதி. ஏற்காட்டுக் குளிருக்கு அது பொருந்தும். நீச்சல் குளத்துக்கு மிகப் பொருந்தும். மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: முதல் ஆண்டில் குழந்தை சில மாதங்களுக்கு ஒரு முறை அளவு மாறும், பெரிய விலை கொடுத்து வாங்கிய ஆடை ஒரு கோடைக்குக்கூட முழுமையாக உழைக்காது. நெருக்கமாக நெய்த, தளர்வான, முழுக்கை வைத்த பருத்திச் சட்டையும் கணுக்கால் வரை வரும் கால்சட்டையும் அந்த விலையில் மூன்று நான்கு எடுக்கலாம்.

தொப்பியில் பார்க்க வேண்டியது விளிம்பு. சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பியோ, பின்கழுத்தை மூடும் துணி தொங்கும் தொப்பியோ காதையும் பிடரியையும் காக்கும். முன்புறம் மட்டும் நீண்ட கிரிக்கெட் தொப்பி இரண்டையும் கைவிடும். ஏற்காட்டில் நாம் குழந்தைக்கு மாட்டும் கம்பளிக் குரங்குக் குல்லா குளிருக்குச் சரி. அதில் விளிம்பே கிடையாது என்பதால் மூக்கும் கன்னமும் வெயிலுக்கே போகின்றன. படுத்திருக்கும் குழந்தைக்கு விறைப்பான விளிம்பு தலையணையில் இடித்து முகத்தை மறைக்கும். அதற்கு மடியும் விளிம்பு வேண்டும். தாடைக்குக் கீழ் கட்டும் நாடா, குழந்தை தூங்கும்போது கழுத்தில் இறுகக் கூடியது. தூங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும்.

தொப்பியைக் குழந்தை பிடுங்கி எறியும். இது துணியின் தோல்வி அன்று, வயதின் இயல்பு. வீட்டில் சில நாட்கள் முன்பே போட்டுப் பழக்கினால் பெரும்பாலான குழந்தைகள் மறந்துவிடுகின்றன. அம்மாவின் முந்தானையால் தலையை மூடிக்கொள்வது நம் ஊரில் இயல்பாக நடப்பது. இரண்டு மடிப்புப் பருத்தி முந்தானை தலைக்கு நல்ல காப்பு. முகத்தின் மேல் போர்த்தி மூச்சுக் காற்றை அடைப்பது மட்டும் கூடாது.

## குடையும் தள்ளுவண்டியின் கூரையும்

தாத்தாக்கள் எடுத்துச் செல்லும் கறுப்புக் குடையை இளைஞர்கள் கேலி செய்வதுண்டு. அளந்து பார்த்த ஆய்வில், கறுப்புத் துணிக் குடைகள் மேலிருந்து விழும் புற ஊதாக் கதிரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தடுத்தன. பிரச்சினை பக்கவாட்டில் இருக்கிறது. புற ஊதா பி கதிரில் ஏறத்தாழப் பாதி, சூரியனிலிருந்து நேரே வராமல் வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருவது. குடை அதை மறிக்காது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் பெரியவர்களை வைத்து நடந்து, 2017-இல் முடிவு வெளியான சோதனையில், மூன்றரை மணி நேரம் கடற்கரைக் குடையின் நிழலில் மட்டும் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் கன்றியது, எஸ்.பி.எஃப். 100 சன்ஸ்கிரீன் மட்டும் பூசி வெயிலில் இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்குக் கன்றியது. ஆய்வை நடத்தியவர்கள் சன்ஸ்கிரீன் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் எனக்கு அதில் தெரிவது எந்தப் பக்கத்துக்குமான வெற்றி அன்று. எந்த ஒன்றும் தனியாகப் போதாது என்பதே.

குடை சிறக்கும் இடம் குறுகிய நடை: பேருந்து நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வாசல், கார் நிறுத்துமிடத்திலிருந்து கோயில் மண்டபம். ஏற்காட்டின் காட்சிமுனைகளான பகோடா பாயின்ட்டிலும் லேடீஸ் சீட்டிலும் காற்று வீசினால் குடை பிடிப்பவர் குடையைப் பார்ப்பாரே தவிர, குழந்தையைப் பார்க்க மாட்டார். இருசக்கர வண்டியில் குடை பிடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தள்ளுவண்டியின் கூரைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தி முழுவதும் மூடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். உள்ளே காற்று நின்று வெப்பம் விரைவில் ஏறும். குழந்தையின் முகமும் கண்ணுக்குத் தெரியாது. வெயிலுக்கு அஞ்சிச் செய்யும் செயல்களில் மிக ஆபத்தானது இதுவே. கார்ப் பயணத்தில், முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடி என்பதால் புற ஊதாக் கதிரின் மற்றொரு வகையான புற ஊதா ஏ கதிரையும் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பலவற்றில் அது உள்ளே வரும். குழந்தையைப் பின் இருக்கையின் நடுவில் அமர்த்தி முழுக்கைச் சட்டை போட்டால் போதும். அதற்கென்று பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

## சன்ஸ்கிரீன்

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இது முதல் தெரிவு அன்று. நேர் வெயிலில் எடுத்துச் செல்லாமல் நிழலும் துணியும் கொண்டு காப்பதே அந்த வயதுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறும் வழி. அவை இரண்டும் வாய்க்காத நெருக்கடியில் மட்டும் முகம், புறங்கை போன்ற சிறு பகுதிகளில் சிறிதளவு பூசலாம் என்று அது இடம் தருகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு, துணி மூட முடியாத இடங்களுக்கு மட்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டால் சன்ஸ்கிரீன் நல்ல துணை.

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய தாதுப் பொடிகளைக் கொண்டது. மற்றது ஆக்சிபென்சோன், அவோபென்சோன், ஆக்டோகிரைலீன் போன்ற கரிம வேதிப்பொருள்களைக் கொண்டது. இரண்டாவது வகைப் பொருள்கள் சில, பூசியவரின் இரத்தத்தில் அளவிடக்கூடிய அளவில் கலக்கின்றன என்று 2019-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில், பாதுகாப்பும் பயனும் நிறுவப்பட்டவை என்று ஏற்கத் தக்கவையாக அந்த நிர்வாகம் முன்மொழிந்தவை ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் மட்டுமே. இரத்தத்தில் கலப்பதாலேயே தீங்கு என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் தோல் பரப்பு விகிதம் கூடிய குழந்தைக்கு, மேலோடு தங்கும் ஜிங்க் ஆக்சைடு கையில் இருக்கும்போது மற்றதைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. 'மினரல்' என்று முன்புறம் எழுதிப் பின்புறம் இரண்டு வகையையும் கலந்திருக்கும் குழாய்கள் உண்டு. பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும்.

எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்.பி.எஃப். 15 புற ஊதா பி கதிரில் 93 சதவீதத்தையும், 30 என்பது 97 சதவீதத்தையும், 50 என்பது 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. முப்பதுக்கு மேல் கொடுக்கும் கூடுதல் விலைக்குக் கிடைப்பது அந்த ஒரு சதவீதம். புற ஊதா ஏ கதிருக்கு பி.ஏ. என்ற எழுத்துகளோடு கூட்டல் குறிகள் இருக்கும். மூன்று குறிகளாவது இருக்கட்டும். வாசனை சேர்க்காதது, தெளிப்பானாக இல்லாதது, கொசு விரட்டி கலக்காதது என்ற மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். தெளிப்பான் மூச்சில் போகும். கொசு விரட்டியை அடிக்கடி பூசக் கூடாது, சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் அடைப்பது பொருந்தாத சேர்க்கை. தயாரிப்பு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இல்லாத குழாய் எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் மிகுதி. ஆய்வகத்தில் எஸ்.பி.எஃப். அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசுகிறார்கள். ஒன்பது கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தையின் தோல் பரப்பு ஏறத்தாழ 4,300 சதுர சென்டிமீட்டர். அரைக்கைச் சட்டையும் குட்டைக் கால்சட்டையும் போட்டு முப்பது சதவீதம் திறந்திருந்தால், ஒரு முறைக்கு இரண்டரை கிராமுக்கு மேல் வேண்டும். 50 கிராம் குழாய் இருபது முறைக்கும் வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூசும் பயண நாளில் மூன்று நான்கு முறை ஆகிவிடும். ஒரு குழாய் ஓராண்டு வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் பூசுவது போதவில்லை என்றே பொருள். குறைத்துப் பூசினால் பாதுகாப்பும் குறையும்; முழுக்கைச் சட்டை போட்டால் செலவும் குறையும், பூசும் பரப்பும் குறையும்.

முதல் முறை வாங்கியதும் முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்த பிறகே முகத்துக்குப் போக வேண்டும். கண்ணிமைக்கும் வாய்க்கும் அருகில் வேண்டாம். கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு விரல்களிலும் வேண்டாம். வெளியே கிளம்பக் கால் மணி முன்பு பூசினால், பூசுவதிலேயே பாதிப் பயணம் கழியாது. வெள்ளைப் படலம் தெரிவது ஜிங்க் ஆக்சைடின் குறையன்று. எந்த இடம் விடுபட்டது என்று நமக்குக் காட்டிக்கொடுக்கும் வசதி என்றே நான் எடுத்துக்கொள்வேன். வெயிலில் நிற்கும் காருக்குள் குழாயை விட்டுச் செல்லக் கூடாது. அந்தச் சூட்டில் மருந்து கெட்டுப்போகும்.

## எண்ணெய், சந்தனம், மஞ்சள்

இதை நீட்ட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் தோலின் வறட்சிக்கு நல்லது; வெயிலுக்கு நம்பத்தக்க காப்பு அன்று. சந்தனம் குளிர்ச்சியாக இருப்பதால் காப்பது போன்ற உணர்வைத் தருகிறது, அவ்வளவுதான். கடையில் வாங்கும் மஞ்சளும் நலங்கு மாவும் குழந்தையின் தோலில் ஒவ்வாமை தரவும் கூடும். அம்மாயியிடம் வாதாட வேண்டாம். எண்ணெயை மாலைக் குளியலுக்கு ஒதுக்கிவிட்டால் இருவருக்கும் நிறைவு.

## ஒரே பார்வையில்

| வழி | ஆறு மாதத்துக்குள் | உடல் சூடு | மறைந்த செலவு | சிறக்கும் இடம் |
|---|---|---|---|---|
| நிழலும் நேரமும் | முதல் தெரிவு | தணிக்கும் | பயணத் திட்டம் மாற வேண்டும் | வீடு, சேலத்து நண்பகல் |
| நெருக்கமான பருத்தியும் தொப்பியும் | பொருந்தும் | தளர்வாக இருந்தால் தொல்லை இல்லை | தொப்பி பழக்க நாட்கள் வேண்டும் | எங்கும், குறிப்பாக மலை |
| யு.பி.எஃப். ஆடை | குளிர்ந்த இடத்தில் மட்டும் | கூட்டும் | சில மாதங்களில் சிறிதாகும் | குளம், ஏற்காடு |
| கறுப்புக் குடை | பொருந்தும் | தணிக்கும் | ஒரு கை போய்விடும், காற்று | குறுகிய நடை |
| ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் | நெருக்கடியில் மட்டும் | மாற்றமில்லை | மீண்டும் மீண்டும் பூசுவது | முகம், புறங்கை, பாதம் |

## எந்த நிலைக்கு எது

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையோடு கோடையில் சேலத்தில் இருப்பவருக்கு வாங்க வேண்டியது எதுவும் இல்லை என்பதே என் தீர்ப்பு. தடுப்பூசிக்குக் காலை நேரம், கறுப்புக் குடை, முழுக்கைப் பருத்தி, இவை போதும். வெயிலில் தாகம் எடுக்கும் என்று தண்ணீர் கொடுக்கக் கூடாது. அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தாலே போதும்.

ஏழெட்டு மாதக் குழந்தையோடு மே மாதத்தில் ஏற்காடு கோடை விழாவுக்குச் செல்பவருக்குத் துணி, தொப்பி, ஜிங்க் ஆக்சைடு ஆகிய மூன்றும் வேண்டும். மலர்க் கண்காட்சியில் வரிசையாகப் பூக்கள் இருக்குமே தவிர, வரிசையாக நிழல் இருக்காது. திறப்பு நேரத்திலேயே உள்ளே போய்ப் பத்தரைக்குள் வெளியே வந்துவிடலாம். கூரையில்லாத மிதிபடகை மாலைக்குத் தள்ளிப்போடலாம். தண்ணீர் திருப்பி அனுப்பும் கதிர் குறைவுதான். ஆனால் படகில் ஒதுங்க இடமில்லை. சேர்வராயன் கோயில் ஏற்காட்டு ஊரைவிடவும் உயரத்தில் திறந்த மலைத்தளத்தில் இருப்பதால், குகைக்குள் நுழையும் வரிசையில் நிற்கும் நேரத்தையும் வெயில் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடி இறக்குதல் தனிக் கவனம் கேட்பது. அதுவரை ஒரு நாளும் வெயில் கண்டிராத உச்சந்தலை, மொட்டையடித்த மறுகணமே உச்சி வெயிலுக்கு வருகிறது. அதே நாளில் காது குத்தும் இருந்தால் விருந்து முடிந்து கிளம்பப் பிற்பகல் ஆகிவிடும். மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும் என்பதால் அதன் மேல் சன்ஸ்கிரீனைத் தவிர்ப்பது நல்லது. தலையில் பூசும் சந்தனம் சடங்குக்காக இருக்கட்டும். அதற்கு மேல் மெல்லிய, நெருக்கமான பருத்தித் தொப்பி ஒன்றைப் போட்டு மண்டபத்து நிழலிலேயே வைத்திருக்க வேண்டும். முகூர்த்தத்தைக் காலை ஒன்பதுக்கு முன் கேட்டு வாங்க முடிந்தால் பாதிக் கவலை தீரும். மொட்டைத் தலையில் முடி முளைத்து மூடும் வரை அடுத்த சில வாரங்களுக்கும் தொப்பி வேண்டும்.

இருசக்கர வண்டியில் குழந்தையை மடியில் வைத்துச் செல்வோருக்குக் காற்று வெயிலை மறைத்துவிடும். நிழல் எங்கும் கிடையாது, தொப்பி நிற்காது. நண்பகலில் அந்தப் பயணத்துக்கு ஏற்ற வழி மேலே சொன்ன ஐந்திலும் இல்லை. ஆட்டோவோ பேருந்தோதான் ஏற்றது.

பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ள குழந்தைக்கு இந்தக் கட்டுரையின் அளவுகள் போதா. அத்தகைய குழந்தைக்குத் தோலோடு கண்ணுக்கும் வாழ்நாள் முழுதும் காப்புத் தேவை. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல், கண் பிரிவுகள் இரண்டையும் தொடக்கத்திலேயே அணுகிவிட வேண்டும். வெயில் பட்ட சில நிமிடங்களிலேயே கொப்புளம் எழும் குழந்தையையும் அப்படியே காட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தோல் கன்றினால், உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை ஒற்றி, பால் கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டி, பற்பசை, எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. சிவப்பு, வெயில் பட்டபோதே முழுதாகத் தெரியாது; சில மணி நேரம் கழித்தே கூடும் என்பதால், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த இரவு குழந்தையின் காதுமடல், பிடரி, புறங்கால் ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஓராண்டு நிறையாத குழந்தையானால் கன்றல் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.